உலகம்மாளின் இடது ஓரம்

ஆனி மாதம் சாரல் தொடங்கிய மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, முதல் மினிபஸ் வருவதற்கு முன்பாக, 'மங்கைப்பேரி நகராட்சி உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்ற பலகை, தன் இரண்டு இரும்புக் கால்களோடும், கால்களைச் சுற்றி முளைத்திருந்த எருக்கஞ்செடியோடும், செடிமேல் யாரோ உலரப்போட்டிருந்த துண்டோடும் இல்லாமல் போயிற்று. திருடு போயிருந்தால் குழி இருந்திருக்கும், காற்றில் சாய்ந்திருந்தால் தடம் இருந்திருக்கும், இரண்டும் இல்லை, அங்கே என்றைக்கும் எதுவுமே நின்றதில்லை என்பதுபோல மண் சமமாகவும் ஈரமாகவும் கிடந்தது. நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். துண்டுக்காரர் மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டார். வெளியூர் லாரிக்காரர்கள் ஊர் வந்துவிட்டதா இல்லையா என்று தெரியாமல் எங்கள் தெருவின் நடுவில் இருக்கும் சாவடி முக்குவரை வந்து நின்று கேட்டார்கள், வந்துவிட்டது என்று நாங்கள் சொன்னோம், அத்தோடு பலகையின் வேலை முடிந்தது.

அடுத்த வாரம் தெருவின் மேற்குக் கோடியில் இருந்த அடிபம்பு போயிற்று. அதில் தண்ணீர் வந்து பத்து வருடம் ஆகியிருந்ததால் அதில் முதுகு தேய்த்துக்கொள்ளும் ஒரு வெள்ளாட்டைத் தவிர யாரும் தேடவில்லை. பிறகு கிழக்குக் கோடியில் இருந்த மூன்று கட்சிகளின் மூன்று கொடிக்கம்பங்களும் ஒரே வாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மூன்று கட்சிக்காரர்களும் மற்ற இரண்டு கட்சிக்காரர்களைச் சந்தேகப்பட்டு, மூவரும் தனித்தனியே ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி கேட்டு, இருப்பது ஒரு முக்கு, ஒரு மைக் செட் என்று காவல் நிலையத்தில் சொல்லிவிட்டதால், மூவரும் ஒரே மைக்கில் மாற்றி மாற்றி ஒருவரையொருவர் கண்டித்துவிட்டு, கடைசியில் பக்கீர் மைதீன் கடையில் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் பரமகுருவின் கடை.

பரமகுரு முடிதிருத்துகிறவர். நாற்பது வயது, நல்ல வாயாடி. அவருடைய கடையின் மேற்குப் பாதி ஒரு புதன்கிழமை விடிந்தபோது இல்லை. ஒரு நாற்காலி போயிற்று, பெரிய கண்ணாடியில் சரிபாதி போயிற்று, ரேடியோவில் பாதி போனதால் ஜோடிப் பாட்டுகளில் பெண்குரல் மட்டும் வந்தது. வெளியே 'பரமகுரு சலூன்' என்ற பலகையில் சலூன் போய்ப் பரமகுரு மட்டும் எஞ்ச, குற்றாலத்துக்கு வந்த யாத்திரிகர்கள் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கும்பிட்டார்கள். அவர் அவர்களுக்கு முடிவெட்டி அனுப்பினார். "பாதி முகம் கண்ணாடியில தெரியும், மறுபாதிக்கு என்னைய நம்புங்க" என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னார், அவர்களும் நம்பினார்கள். ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. சாவடி முக்கில் உட்கார்ந்திருக்கும் உலகம்மாளிடம் போனார்.

உலகம்மாள் மினிபஸ்களுக்கு டைம் கீப்பர். தெருவின் வடக்கு ஓரத்தில், பெரிய கறுப்புக் குடையின் கீழே, மேசையும் நோட்டும் கடிகாரமுமாகத் தெற்கே பார்த்து முப்பது வருடமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிடம் பிந்தி வந்த டிரைவரை அவள் கேட்கிற கேள்வியில் அடுத்த நாள் அவர் இரண்டு நிமிடம் முந்தி வருவார், அதற்கும் கேள்வி உண்டு. ஆறு வயதிலேயே கண்ணாடி போட்டவள். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் தண்ணீரில் போட்ட நாவற்பழங்கள் மாதிரிப் பெரிதாகத் தெரியும். ஐம்பத்தெட்டு வயதிலும் வண்டி நம்பரை எட்டத்தில் வரும்போதே படித்துவிடுவாள். ஆனால் சமீப காலமாக இடது முழங்கை பட்டு டீ டம்ளர் தினம் ஒன்று கவிழ்ந்தது, பக்கவாட்டில் வந்து நிற்கிற பஸ்ஸைப் பார்த்து, "எங்கருந்துடே மொளச்ச நீ?" என்று அவள் திடுக்கிடுவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம், பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை.

"யக்கா, என் கடையப் பாத்தியளா?"

"முப்பது வருசமா அதத்தானடே பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பாதியக் காணும்."

உலகம்மாள் கழுத்தைத் திருப்பி நிதானமாகப் பார்த்தாள். "அது எப்பவுமே அவ்வளவுதானடே இருந்துது? சின்னக் கடைல்லா."

பரமகுருவுக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் தட்டியது. அவர் வரவேற்புப் பலகையைக் கேட்டார், எந்தப் பலகை என்றாள். அடிபம்பைக் கேட்டார், எந்த அடிபம்பு என்றாள். போனது எல்லாமே அவள் கண்ணுக்கு இரண்டு ஓரங்களிலும் இருந்தவை, அவள் கண்ணிலிருந்து எது நழுவுகிறதோ அது தெருவிலிருந்தும் நழுவுகிறது என்ற செய்தி, அவர் மேசையிலிருந்து டீக்கடைக்கு நடந்து போவதற்குள் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை, முப்பது வருடமாக ஒருத்தி ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தெரு அவள் பார்வையில் சாய்ந்து நின்று பழகிவிடுமா இல்லையா என்றுதான் பேசிக்கொண்டோம். உடனே எல்லோரும் கிழக்கே பார்த்தோம். ஏனென்றால் கிழக்கே, கொடிக்கம்பங்கள் போன இடத்துக்கு அடுத்ததாக, எதிர்சாரியில் இருந்தது செண்பகவல்லியின் வீடு.

செண்பகவல்லி உலகம்மாளின் கூடப்பிறந்த தங்கை. வீட்டு வாசலில் வடக்கே பார்த்து உட்கார்ந்து இட்லி மாவு விற்கிறவள். அக்காவும் தங்கையும் ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. செண்பகவல்லி மகள் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுத்தபோது, உலகம்மாள் தாம்பூலத் தட்டோடு இடது கோடியில் நின்றாள். பெரிதாக்கிச் சட்டம் போட்டு வந்த படத்தில் தட்டில் பாதியும் அவளுடைய மூக்கும் மட்டும் இருந்தன. "என்னைய ஓரத்துல நிப்பாட்டி வெட்டிப்புட்டா" என்று அக்கா சொன்னாள். "ஓரத்துல போய் நின்னது யாராம்?" என்று தங்கை கேட்டாள். அதற்குப் பிறகு ஒருத்தி தெற்கே பார்த்தும் இன்னொருத்தி வடக்கே பார்த்தும், எண்பது காலடி தூரத்தில், ஒருவருக்கொருவர் இடது ஓரமாக உட்கார்ந்து, நேராகத் திரும்பாமல் கடைக்கண்ணால் மட்டும் மற்றவள் இன்றைக்கு வந்துவிட்டாளா என்று பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வீடு போனால் வீட்டுக்குள் இருக்கிறவள் என்ன ஆவாள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உலகம்மாளும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் இரண்டு பஸ்களைத் தப்பாக எழுதினாள்.

தெரு கூடி யோசித்தது. எல்லாவற்றையும் அவள் நேராகப் பார்த்தால் எதுவும் ஓரமாகாது என்று பரமகுரு தன் கடையில் மிஞ்சிய சுழல் நாற்காலியைத் தூக்கி வந்து முக்கின் நடுவில் போட்டார். உலகம்மாள் அதில் உட்கார்ந்து, காலால் உந்தி, மேற்கே அரை நிமிடம் கிழக்கே அரை நிமிடம் என்று சுற்றினாள், மூன்று நாள் அவளுக்கு அது பிடித்திருந்தது, நான்காம் நாள் தலை கிறுகிறுத்தது. ஓரத்துக் கடைக்காரர்கள் தங்கள் கடைகளை இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கச் சொல்லிச் சிபாரிசோடு வந்தார்கள். அப்படியும் ஒரு மைல்கல் போயிற்று.

அப்போதுதான் அந்தத் தப்பு நடந்தது. நல்ல மனசோடு செய்த தப்பு. பார்த்துப் பார்த்துக் கண் களைத்துவிட்டது, இருட்டில் வைத்து ஓய்வு கொடுத்தால் சரியாகும் என்று யாரோ சொல்ல, எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. சாவடிக்குள்ளே இருந்த சாமான் அறையில் சன்னலுக்குச் சாக்குப்படுதா கட்டி, மெத்தை போட்டு, உலகம்மாளை இரண்டு பகல் உள்ளே உட்கார வைத்தோம். சாரலில் அவளுக்கு மூக்கு ஒழுகியதால் மருந்துக்கடையில் கேட்டு ஜலதோஷ மாத்திரையும் கொடுத்தோம். இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"விளக்கச் சுத்தி வானவில்லு மாதிரி வளையம் வளையமா தெரியுதுடே. கண்ணு கல்லு மாதிரி கனக்குது."

நாங்கள் தெருவைப் பார்த்தோம். தபால்பெட்டி இல்லை. புளியமரம் இல்லை. செண்பகவல்லியின் வீட்டுச் சுவர் இருந்தது, ஆனால் எண்ணெய் பட்ட காகிதம்போல ஆகிவிட்டிருந்தது. உள்ளே அடுக்கியிருந்த டப்பாக்களும், கிரைண்டரும், கையில் கரண்டியோடு திகைத்து நிற்கும் செண்பகவல்லியுமாக எல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

அடுத்த வண்டியிலேயே உலகம்மாளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வண்டி அவளுக்காக நான்கு நிமிடம் முந்திக் கிளம்பியது, அதை அவளே நோட்டில் எழுதினாள்.

டாக்டர் நஸீமா கண்ணுக்குச் சொட்டு விட்டு, அழுத்தம் அளந்து, சின்னக் கண்ணாடி வில்லை ஒன்றைக் கண்ணின்மேலேயே வைத்து உள்ளே பார்த்தார். பிறகு அவசரமாக மருந்து கொடுத்து, அழுத்தம் இறங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, மறுநாள் காலையில் பேசினார்.

"அம்மா, கண்ணுக்குள்ள ஒரு தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும். கண்ணீர் இல்ல, அது வேற. ஊறுற தண்ணி வெளிய போறதுக்கு ஓரத்துல ஒரு முக்கு இருக்கு."

"எங்க சாவடி முக்கு மாதிரியா?"

"அதே மாதிரிதான். முக்குல ஒரு லாரியக் குறுக்க நிறுத்துனா?"

"வண்டியெல்லாம் தேங்கிரும். நான் நிறுத்த விடமாட்டேன்."

"உங்க கண்ணுல நிறுத்தியாச்சு. உங்களுக்குப் பிறவியிலயே சின்னக் கண்ணு, குறுகலான முக்கு. வயசு ஆக ஆகக் கண்மணியச் சுத்தி இருக்க திரை முன்னால தள்ளிக்கிட்டு வந்து முக்க அடைக்குது. கொஞ்சம் கொஞ்சமா, வருசக்கணக்கா. தேங்குன தண்ணி பின்னால இருக்க நரம்ப அமுக்கி, ஓரத்துலருந்து பார்வையத் தின்னுக்கிட்டே வரும். வலிக்காது. அதான் இதுல கஷ்டமே. கிளாக்கோமான்னு பேரு."

"இருட்டுல வெச்சா சரியாப் போகும்னு இவங்க..." என்று உலகம்மாள் எங்களைப் பார்த்தாள்.

டாக்டர் நஸீமாவும் எங்களைப் பார்த்தார். பரமகுரு தன் செருப்பைப் பார்த்தார்.

"இருட்டுல கண்மணி விரியும். விரிஞ்சா திரை சுருங்கி மடிஞ்சு முக்க இன்னும் அடைக்கும். சில ஜலதோஷ மாத்திரையும் அதே வேலையத்தான் செய்யும். இனி எந்த மருந்துக்கடையில எது வாங்குனாலும், எனக்குக் கண்ணுல இந்த வியாதின்னு முதல்ல சொல்லணும். இப்ப லேசர்ல அந்தத் திரையில ஊசிமுனை அளவு ஒரு துளை போடுறேன்."

"பைபாஸ் ரோடு."

"ஆமா. அப்புறம் காலையில எட்டுக்கும் ராத்திரி எட்டுக்கும் சொட்டு மருந்து, ஆயுசுக்கும்."

"பைபாஸ் போட்ட பொறவு சொட்டு எதுக்கு?"

"ரொம்ப நாள் அடைச்சுக் கிடந்த முக்குல பாதி ஒட்டிப்போச்சு, அது இனி தெறக்காது. அதனால டிப்போவுல இருந்து வண்டியக் கம்மியா விடணும். சொட்டு அதத்தான் செய்யும்."

இதைவிடத் தெளிவாக யாரும் எதையும் உலகம்மாளுக்கு விளக்கியதில்லை. பார்வைப் பரப்பு பார்க்கிற சோதனையில்தான் கொஞ்சம் தகராறு: வெள்ளைக் கிண்ணம்போன்ற எந்திரத்துக்குள் முகத்தை வைத்து, நடுவிலேயே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் வெளிச்சப் புள்ளி தெரியும்போது பொத்தானை அமுக்கச் சொன்னார்கள், அவள் நாலு விநாடிக்கு ஒரு தரம் கணக்காக அமுக்கிக்கொண்டே இருந்தாள். தெரிந்தால்தான் அமுக்க வேண்டும் என்று சோதனை செய்த பெண் சொன்னபோது, "வராத பஸ்ஸுக்கும் நேரம் போட்டு எழுதித்தாம்மா எனக்குப் பழக்கம்" என்றாள். இரண்டாம் தடவை ஒழுங்காகச் செய்தாள். கட்டம் போட்ட படம் ஒன்று எந்திரத்திலிருந்து வந்தது, நடுவில் வெளுப்பு, ஓரங்களில் கறுப்பு, இடையில் சாம்பல். பரமகுரு அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது நம்ம தெருல்லா!"

அவர் விரல் வைத்துக் காட்டக் காட்ட எங்களுக்கும் தெரிந்தது. இதோ பலகை, இதோ அடிபம்பு, இந்த மூன்று புள்ளியும் மூன்று கொடிக்கம்பம், கறுப்பு பாதி வெளுப்பு பாதியாக இதோ என் கடை. இடது ஓரத்தில் ஒரு சாம்பல் கட்டம். அது செண்பகவல்லியின் வீடு.

டாக்டர் நஸீமா சிரிக்கவில்லை. "கறுத்தது திரும்பி வராது" என்றார். "யாரு வந்து வரும்னு சொன்னாலும் நம்பாதீங்க. ஆனா சாம்பல அப்படியே நிறுத்தி வைக்கலாம், சொட்டு தவறாம இருந்தா." பிறகு, "கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா? அவங்களும் வந்து பாக்கணும். இது ரத்த உறவுல வரக்கூடியது" என்றார்.

உலகம்மாள் கண்ணாடியைத் துடைத்தாள். "ஒருத்தி இருக்கா" என்றாள்.

ஒருத்தியுடைய சொட்டு மருந்தில் ஒரு தெருவே நிற்கிறது என்று ஆனபிறகு நகராட்சி சும்மா இருக்க முடியாது. ஒன்பது மணிக்கு ஊதிக்கொண்டிருந்த நகராட்சிச் சங்கை எட்டு மணிக்கு மாற்றிச் சேர்மன் தீர்மானம் கொண்டுவந்தார், மூன்று கட்சிகளும் கையைத் தூக்கின. சங்கு ஊதியதும் டீக்கடையில் பக்கீர் மைதீன் பாலைக் கீழே இறக்குவார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நிற்பார்கள், பஸ் நிற்கும், உலகம்மாள் அண்ணாந்து கீழிமையை விரலால் இழுத்து ஒரே ஒரு சொட்டு விட்டுக்கொள்வாள். அவள் கை இறங்கியதும் தெரு மறுபடி நடக்கும். மாதம் ஒருமுறை அழுத்தம் பார்க்க அவள் போகும் வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டி அனுப்பினார்கள். ஆடியும் ஆவணியும் புரட்டாசியும் போயின, தெருவிலிருந்து ஒரு குண்டூசிகூடப் போகவில்லை. இல்லாமல் போனவற்றுக்கும் பழகிக்கொண்டோம்; தபால்பெட்டி இருந்த இடத்தில் தபால்காரர் தினமும் வந்து கையை நீட்டிக்கொண்டு கால்மணி நேரம் நின்றார், கடிதங்களை அதில் வைத்தோம். செண்பகவல்லியின் சுவர் மேலும் மங்கவும் இல்லை, தெளியவும் இல்லை. அவள் வீட்டில் என்ன குழம்பு என்று தெருவுக்குத் தெரிந்ததால் உள்பக்கம் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டாள்.

தங்கையை டாக்டரிடம் போகச் சொல்லி உலகம்மாள் பரமகுருவை மூன்று முறை தூது அனுப்பினாள்.

"அவ கண்ணுக்கு மருந்து விட்டா என் வீட்டுச் சுவரு நிக்கிதாம்லா!" என்றாள் செண்பகவல்லி, மாவை அளந்து ஊற்றிக்கொண்டே. "நான் என்ன அவ கண்ணுக்குள்ளயா குடியிருக்கேன்?"

"அதுக்கில்ல செம்பகக்கா, உங்களுக்கும் இருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாவ."

"எனக்கு என்ன கேடு? உளுந்துல கெடக்க கறுப்புக் கல்ல இங்க இருந்தே எடுப்பேன். ஒரு வலி உண்டா, ஒரு நோவு உண்டா?"

"வலிக்காதுங்கறதுதாம் வியாதியே."

"வலிக்காததுக்கெல்லாம் வைத்தியம் பாத்தா நீயும் முடிவெட்ட ஆஸ்பத்திரிக்குத்தாம்டே போகணும். அப்படி அக்கறைன்னா அவ வந்து சொல்லட்டும்."

உலகம்மாளிடம் இதைச் சொன்னபோது, "அவ வாசலுக்கு நான் போகவா?" என்றாள். விஷயம் அதில் நின்றுபோயிற்று.

ஐப்பசி முதல் வாரம் உலகம்மாளின் குடை போயிற்று.

முதலில் நாங்கள் சங்கு ஊதுகிறவரைச் சந்தேகப்பட்டோம். அவர் அழுதுகொண்டே குறித்து வைத்த நேரங்களைக் காட்டினார், ஒரு நிமிடம் பிசகவில்லை, மன்னிப்புக் கேட்டோம். அடுத்த நாள் அவள் மேசையின் ஒரு கால் போயிற்று, மறுநாள் கழற்றிப் போட்டிருந்த இடதுகால் செருப்பு போயிற்று. இதில் ஒரு வித்தியாசம் இருந்தது: இவையெல்லாம் தெருவின் ஓரத்தில் இல்லை, நடுவில் இருந்தன, உலகம்மாளுக்குத் தெளிவாகத் தெரிந்தன, குடை போன நிமிடத்தில் வெயில் விழுந்து அவளே திடுக்கிட்டு மேலே பார்த்தாள். வியாழக்கிழமை காலை, ஏழு நாற்பது வண்டியை எழுதும்போது, நோட்டைப் பிடித்திருந்த அவளுடைய இடது கையின் சுண்டுவிரல் இல்லை. ரத்தம் இல்லை, வலி இல்லை, நான்கு விரலோடு பிறந்த கை மாதிரி வழவழவென்று இருந்தது.

அன்றைக்குத் தெருவில் யாரும் சிரிக்கவில்லை. பரமகுரு டாக்டருக்குப் போன் போட்டு அவளிடம் கொடுத்தார்.

"போன வாரம் எடுத்த படம் ஆடியில எடுத்தது மாதிரியேதாம்மா இருக்கு" என்றார் டாக்டர் நஸீமா. "இது உங்க கண்ணு செய்யிறதில்ல."

"பொறவு யாரு கண்ணு?"

"உங்கள ஓரத்துல வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்கிறது யாரு?"

உலகம்மாள் போனை மேசையில் வைத்தாள். மூன்று கால் மேசை கொஞ்சம் சாய்ந்தது. அவள் எழுந்தாள், ஒரு செருப்போடு நடக்க முடியாமல் அதையும் உதறினாள், ஏழு ஐம்பது வண்டி வந்து நின்றதை எழுதவில்லை, முப்பது வருடத்தில் மேசையில் இருந்தும் எழுதாமல் விட்ட முதல் வண்டி அதுதான். ராத்திரி மழையில் நனைந்து கிடந்த தெருவில் வெறுங்காலோடு எண்பது காலடி நடந்தாள், நாங்கள் பின்னாலேயே போனோம், அவள் திரும்பி முறைத்ததும் நின்றோம், நின்ற இடத்திலிருந்தே எல்லாம் கேட்டது.

"ஏட்டி செம்பகம்."

செண்பகவல்லி மாவுச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அரைக்கிலோவா, ஒரு கிலோவா?"

"கொழுப்பப் பாரு. என்னைய நிமிந்து பாருட்டி."

"எதுக்குப் பாக்கணும்? ஒம்போது வருசமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வெள்ளன ஏழுக்கு வார, கண்ணாடியத் தொடைக்க, டீயக் கொட்டுத. எல்லாம் தெரியும்."

"நேத்து என்ன சேலை கட்டியிருந்தேன்?"

செண்பகவல்லி மாவுக் கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

"சொல்லு. முந்தாநாளு? குடை எங்க? செருப்பு எங்க?"

"நீ குடையே வெச்சிருந்ததில்லையே" என்றாள் செண்பகவல்லி. சொன்னபிறகு நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வருடமாக வெயிலிலா உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும்.

உலகம்மாள் இடது கையைத் தங்கையின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எண்ணு."

செண்பகவல்லி எண்ணினாள். மறுபடி எண்ணினாள். மாவு ஒட்டிய தன் கையால் அக்காவின் கையைப் பிடித்து, விரல் விரலாகத் தொட்டு, சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் நின்றாள்.

"இது... எப்பவுமே..."

"எப்பவுமே இல்ல, நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்துது. என் கண்ணுல உன் வீடு போகப் பாத்துது, நான் மருந்து விட்டு நிறுத்திட்டேன். உன் கண்ணுல நான் போய்க்கிட்டு இருக்கேன்ட்டி. இன்னைக்கு வெரலு. நாளைக்கு என்ன போகும்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, போனபொறவு அப்படி ஒருத்தி இருந்ததே இல்லம்ப."

செண்பகவல்லி அந்தக் கையை விடவில்லை. "இப்ப உன்னைய நேராத்தான பாக்கேன்?" என்றாள் மெதுவாக. "இப்படியே நேராப் பாத்துக்கிட்டே இருந்தா நிக்காதா?"

"நாங்க சுத்துற நாக்காலி போட்டே பாத்தாச்சு. அதெல்லாம் நிக்காது. கெளம்பு. எட்டுப் பத்து வண்டி."

"மாவு?"

"புளிக்கட்டும்."

இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். போகும் வழியெல்லாம் லேசரைப் பற்றிச் செண்பகவல்லி கேட்டாளாம். கண்ணிலேயா துளை போடுவார்கள், ஒழுகாதா என்றாளாம். "எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னு இருக்கும், ஒரு நாள் மங்கலா இருக்கும், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. நான் மறுநாளு வண்டி எழுதுனேன்" என்றாளாம் உலகம்மாள், பக்கத்து சீட்டில் இருந்த பரமகுரு சொன்னது.

டாக்டர் நஸீமா வில்லையை வைத்துப் பார்த்தார். அதே சின்னக் கண், அதே குறுகிய முக்கு. கட்டம் போட்ட படம் வந்தது. இடது ஓரத்தில் கறுப்பாக ஒரு குடை, ஒரு மேசைக்கால், ஒரு செருப்பு, கடுகளவு ஒரு புள்ளி. அவற்றை ஒட்டி, உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்பிள்ளையின் வடிவத்தில் சாம்பல்.

"இது யாரு?" என்றாள் உலகம்மாள்.

செண்பகவல்லி படத்தை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "உக்காந்திருக்க லட்சணத்தப் பாத்தாலே தெரியுதே" என்றாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரித்தாளா அழுதாளா என்று பரமகுருவால் சொல்ல முடியவில்லை.

இரண்டு கண்ணிலும் துளை போட்டார்கள். காலையில் எட்டு, இரவில் எட்டு, ஆயுசுக்கும் சொட்டு. சாம்பல் அத்தோடு நின்றது. சுண்டுவிரல் திரும்பவில்லை, உலகம்மாள் நான்கு விரலால் நோட்டைப் பிடிக்கப் பழகினாள், மோதிரம் போடுகிற விரல் இருக்கிறதல்லவா, அது போதும் என்றாள்.

செண்பகவல்லிக்குத் தன் கண்ணுக்கு நேரே மருந்துக் குப்பி வந்தாலே இமை மூடிக்கொள்ளும். தானே விட்டுக்கொண்டால் சொட்டு கன்னத்தில் விழும், நெற்றியில் விழும், ஒருமுறை மாவில் விழுந்தது. அதனால் உலகம்மாள் காலையில் எண்பது காலடி நடந்து தங்கை வீட்டுக்குப் போகிறாள். இவள் அவளுக்கு விட, அவள் இவளுக்கு விடுகிறாள். சொட்டு விழுந்ததும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் அமுக்கிக்கொண்டு, இரண்டு நிமிடம் பேசாமல் அசையாமல் இருக்க வேண்டும், அப்போதுதான் மருந்து தொண்டைக்கு வடிந்துவிடாமல் கண்ணிலேயே நிற்கும் என்பது டாக்டர் நஸீமாவின் கட்டளை. செண்பகவல்லி சுவருக்குப் பின்னால் இருந்த சேலையை அவிழ்த்துவிட்டாள், வெளிச்சம் வேண்டும் என்று. அதனால் நாங்களும் தெருவில் நின்று பார்க்கிறோம், மங்கலான சுவருக்குள்ளே எதிரெதிராக இரண்டு பெண்கள், மூடிய கண்களும் மூக்கோரத்தில் விரல்களுமாக. பக்கீர் மைதீன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்குவார்.

"ஏட்டி, கண்ணத் தெறக்காத."

"நான் எங்க தெறந்தேன்? நீதான் பாக்க."

"நான் பாக்கது கண்ண மூடிக்கிட்டு இருக்கவளுக்கு எப்படித் தெரியுது?"

"நீ பாக்காம இருக்கமாட்டன்னு தெரியும்."

"பேசாதட்டி, மருந்து போயிரும்."

"பேசுனது யாராம்?"

பக்கீர் மைதீன் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். ஒன்பது வருடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர்களை வைத்துக்கொண்டு, தை பிறந்து இத்தனை நாள் ஆகியும், அந்த இரண்டு நிமிடத்தை அவரால் ஒருநாள்கூட எண்ணி முடிக்க முடியவில்லை.